கூவிளியை ஊதிய ஞாயிற்றுக்கிழமை

என் கணவரின் முன்பற்கள் இரண்டை நான் உடைத்தேன். மேல்வரிசையில் ஒன்று வேரோடு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்துப் பல் பாதியாக முறிந்தது. எதால் அடித்தாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், போலீஸ் நிலையத்தில் கேட்டார்கள், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலும் கேட்டார்கள். மூன்று இடத்திலும் நான் சொன்ன பெயரைக் கேட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு வாத்தியம் இந்த உலகத்தில் கிடையாது. நான் எழுதிக்கொண்டிருந்த கதையில்தான் அது இருந்தது. கதையிலிருந்து அது எங்கள் வீட்டு அலமாரிக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கடைசல் மிஷினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. கட்டில் கால், ஊஞ்சல் சட்டம், மாடிப்படித் தூண், பூரிக்கட்டை எல்லாம் கடைவார். கை சுத்தம். அவர் உளி பிடித்தால் மரம் வெண்ணெய் மாதிரி சுருண்டு விழும். பெண் பார்க்க வந்தபோது அவருடைய விரல்களைத்தான் நான் பார்த்தேன். நீளமான, அமைதியான விரல்கள். இந்தக் கை யாரையும் அடிக்காது என்று நினைத்தேன். எதை வைத்து அப்படி நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை.

முதல் அறை கல்யாணமாகி நான்காம் மாதம் விழுந்தது. பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவரிடம் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெலுங்கு கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று இரண்டு பேரும் எதற்கோ சிரித்தோம். உள்ளே வந்ததும் என் கணவர் கேட்டார்.

“என்னட்டி சிரிப்பு? என்னையப் பத்தி என்ன சொன்னா அவ?”

“உங்களப் பத்தி ஒண்ணும் பேசலையே. அவிய வீட்டுக் கோழி...”

சொல்லி முடிப்பதற்குள் இடது காதோடு சேர்த்து விழுந்தது. அன்று முழுவதும் அந்தக் காதுக்குள் ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. கோழியைப் பற்றி அவர் அதற்குப் பிறகும் கேட்கவே இல்லை.

இரண்டாவது தடவை நான் கத்தினேன். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். அது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. மூன்றாவது தடவையிலிருந்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் எழுந்து போய் கடைசல் மிஷினைப் போடுவார். மோட்டார் வேகம் பிடித்து பெல்ட் இரைய ஆரம்பிக்கும்வரை நிற்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வருவார். அந்த இரைச்சலில் நான் கத்தினால் எனக்கே கேட்காது. தெருவில் இருப்பவர்களுக்கு, பட்டறையில் வேலை நடக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி ஏழு வருடம். தினமும் இல்லை. தினமும் என்றால் முதல் வருடத்திலேயே ஓடியிருப்பேன். மாதத்தில் இரண்டு தடவை, சில மாதம் ஒன்றுமே இருக்காது. அந்த மாதங்களில் அவர் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவார். ஒரு வயிற்றுப் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு முந்தின நாள் அவர் என்னைக் கதவு நிலையோடு சேர்த்துத் தள்ளியிருந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். டாக்டரிடம் கேட்டபோது, தள்ளினதைச் சொல்லாமல், வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தேன்.

செட்டியார்பட்டி போகும் வழியில் இருந்த ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு வேலை. துணியை அளந்து வெட்டிச் சுருட்டிக் கவரில் போட வேண்டும். காயத்துக்குக் கட்டும் துணி எங்கள் வீட்டில் என்றைக்கும் குறைந்ததில்லை. பஸ்ஸிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் செல்போனில் கதை எழுதுவேன். தொடர்கதை போடுகிற ஒரு செயலி. புனைபெயர் வைத்துக்கொண்டேன். வேறு பெண்கள் காதல் கதை எழுதினார்கள். எனக்குக் காதல் எழுத வரவில்லை. நான் ஒரு நாட்டை உண்டாக்கினேன். ஏழு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிற நாடு. அங்கே வீடுகள் மிதக்கும், வானத்தில் இரண்டு நிலவு. ஆண்கள் ஆமைமேல் ஏறிச் சண்டைக்குப் போவார்கள். சின்னப் பிள்ளை படம் வரைவது மாதிரி எது தோன்றியதோ அதையெல்லாம் போட்டேன்.

அந்த நாட்டுப் பெண்கள் இடுப்பில் ஒரு குழல் வைத்திருப்பார்கள். நாணல் நாக்கு வைத்தது. அதற்குக் கூவிளி என்று பெயர் வைத்தேன். பழைய சொல், எங்கேயோ அகராதியில் பார்த்தது. அந்த நாட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கூவிளிச் சத்தம் கேட்டால், கேட்டவர் யாராக இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ராஜாவாக இருந்தாலும் போக வேண்டும். போகாதவர்களை ஏரி ஏற்றுக்கொள்ளாது.

படிக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?” என்று ஒரு பெண் கேட்டிருந்தார். “புல்லாங்குழல் மாதிரியா, நாயனம் மாதிரியா?” எனக்குப் பதில் தெரியவில்லை. கதை எழுதுகிறவளுக்கே தெரியாதது எனக்கு உறுத்தியது. செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

எங்கள் தெரு முனையில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. முகூர்த்தம் முடிந்த ஒரு காலையில் அங்கே நாயனம் வாசித்தவரிடம் போய், பழைய சீவாளி இருந்தால் ஒன்று வேண்டும் என்றேன். நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல் நாக்குதான் சீவாளி. பிள்ளை விளையாடக் கேட்கிறேன் என்று நினைத்து, கீறல் விட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து நூலைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு உதடுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருப்பதுதான் அதன் சூட்சுமம். ஆற்றோரத்து நாணலை வெட்டி வந்து காயப்போட்டேன், வேகவைத்தேன், பிளேடால் சீவினேன். பேண்டேஜ் நூலால் கட்டினேன். முதல் பத்துப் பதினைந்தும் காற்று மட்டும் விட்டன. சில பிளந்தன. விரல் நுனியெல்லாம் கீறல். அதற்கடுத்த ஒன்று வாத்து மாதிரி கத்தியது.

அந்தச் சத்தம் கேட்டு அவர் பட்டறையிலிருந்து எழுந்து வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“என்னட்டி அது?”

“சும்மா... ஒரு பீப்பி.”

வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனின் வேலையைப் பார்க்கிற முகம்.

“இம்புட்டு சன்னமா சீவியிருக்கியே. நாக்கு மட்டும் இருந்து என்ன செய்ய? ஒடம்பு வேண்டாமா?”

அவரே வாகைக் கட்டை ஒன்றை எடுத்தார். மூன்று நாள் சாயங்காலம் அதிலேயே இருந்தார். முழங்கை நீளம். உள்ளே துளை, மேலே குறுகல், கீழே விரிந்த வாய், வெளியே மூன்று வளையம். நுனியில் நாணலைச் செருகப் பித்தளைக் குழல். நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே ஓட்டை போட வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு போட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிஷின் ஓடும்போது நான் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தது அந்த மூன்று நாள்தான்.

முதல் தடவை ஊதியபோது சத்தம் வீட்டுக்குள் நிற்கவில்லை. கன்றுக்குட்டியும் ரயிலும் சேர்ந்து கத்தின மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டக்கா ஓடி வந்து, “ஏமாயிந்தி, என்னாச்சு? எது செத்துச்சு?” என்றார். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அதைச் செய்தது அவருடைய கையும் என்னுடைய கையும்தான்.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. கூவிளி எதற்காக ஊதப்படுகிறது என்பது. கதையில் ஒரு மாவுக்காரன் வருவான். பெண்டாட்டியை அடிப்பதற்கு முன்னால், ஏரித் தண்ணீரில் ஓடுகிற திரிகையைச் சுற்றவிடுவான். அந்த இரைச்சலில் அவள் குரல் வெளியே போகாது. அந்தப் பெண்தான் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி முதல் கூவிளியைச் செய்கிறாள். இதை நான் எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது.

தூண் வாங்க வந்த ஒருவரின் தங்கை அந்தக் கதையைப் படிக்கிறவராம். பட்டறையில் உட்கார்ந்து பேசும்போது, அலமாரியில் இருந்த குழலைப் பார்த்துவிட்டு, “இதே மாதிரி ஒண்ணு என் தங்கச்சி படிக்கிற கதையில வருதுண்ணே” என்று அவர் முழுவதையும் சொல்லியிருக்கிறார். மாவுக்காரனையும் சேர்த்து.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துவிட்டு வந்தபோது என் செல்போன் அவர் கையில் இருந்தது. காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து படித்தார். டீ வைத்தேன், ஆறியது. சோறு போட்டேன், தொடவில்லை. நாற்பது அத்தியாயத்துக்கு மேல் இருக்கும். படித்து முடித்து போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இது நானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கதைதானே என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருடமாகச் சொன்ன பொய்கள் எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன.

“ஆமா” என்றேன்.

“எம்புட்டுப் பேரு படிச்சிருக்காங்க?”

“நெறையப் பேரு.”

அவர் எழுந்து போய் மிஷினைப் போட்டார். மோட்டார் முனகி, வேகம் பிடித்தது. கதவைச் சாத்தினார். அன்று அவர் கையால் அடிக்கவில்லை. மரம் அளக்கிற அளவுகோலை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினேன், சுண்டுவிரல் ஒடிந்தது. ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, உள்ளே தெரிந்தது. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மிஷின் பக்கத்தில் என் முகத்தை அழுத்தினார். சுற்றுகிற கம்பிக்கும் என் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். முடி போய் மாட்டினால் தலையோடு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“எழுதுவியா? இத எழுதுவியா?”

அவர் பிடியை மாற்றிய நேரத்தில் நான் உருண்டு விலகினேன். அலமாரி கைக்கு எட்டியது. கூவிளியை எடுத்தேன். அடிக்க இல்லை. ஊதத்தான் எடுத்தேன். வாயில் ரத்தம் இருந்தது, நாணல் ரத்தத்தில் நனைந்தது. நெஞ்சில் இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து ஊதினேன்.

மிஷின் சத்தத்தைத் தாண்டிப் போனது அது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு அண்ணன் வந்து படியில் நின்றார். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்றார். இரண்டு பேரும் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். நின்றார்கள். ஒருவரும் படியைவிட்டு இறங்கவில்லை. திரும்பவும் ஊதினேன். அப்போதும் நின்றார்கள்.

அவர் குழலின் அடியைப் பிடித்து என் வாய்க்குள்ளேயே குத்தினார். நாணலும் பித்தளையும் அண்ணத்தைக் கிழித்தன. மூச்சு அடைத்தது. அப்புறம் அவர் கை வழுக்கியதா, நான் பிடுங்கினேனா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. குழல் என் கையில் இருந்தது. விரிந்த வாய்ப் பக்கம் கனம் அதிகம். வாகை நல்ல வைரம் பாய்ந்த மரம். அவர் வாயைப் பார்த்து வீசினேன்.

பல் தரையில் விழுந்து உருண்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கையில் அடித்தேன், தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன். ஒடிந்த சுண்டுவிரல் வலிக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் போட்டு எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டக்கா வந்தது எனக்குத் தெரியாது. அரிசி களைந்த ஈரக்கையோடு பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்தார்.

“வத்து, வத்து! வேண்டாண்டி, செத்துருவான். போதும்!”

என்னை இழுத்து சுவரோடு சாய்த்துவிட்டு, அவரே போய் மிஷினை நிறுத்தினார். பெல்ட் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேர் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

என் கணவர் முதலில் புகார் கொடுத்தார். நான் மறுநாள் கொடுத்தேன். ஆக இரண்டு வழக்கு. என் வழக்கில் அவர் எதிரி, அவர் வழக்கில் நான். குழலைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. நிலையத்தில் எழுதுகிறவர், “நாதஸ்வரமா?” என்றார். இல்லை என்றேன். “மகுடியா?” இல்லை. கூவிளி என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘ஊதுகுழல் போன்ற மரக்கட்டை, ரத்தக்கறையுடன்’ என்று எழுதினார்.

வத்திராயிருப்பில் இருந்த என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் என் விரலையும் வாயையும் பார்த்து அழுதது. நான்காம் நாள், “அவரு பல்ல ஒடச்சிருக்க வேண்டாம்மா. அதான் இப்ப பேச்சே நமக்கு எதிரா இருக்கு” என்றது. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு வீட்டு மாடியில் தனி அறை பிடித்தேன். ஒரு பால்கோவா கடையில் எடை போட்டுப் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. கோர்ட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்பதும் ஒரு காரணம்.

வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. கூவிளியை மேஜையில் வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் பையில், அரக்கு முத்திரையோடு கொண்டுவந்தார்கள். நாணல் கறுத்துச் சுருங்கியிருந்தது. நீதிபதிக்கு அன்று ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இது என்னம்மா?”

“கூவிளிங்கய்யா.”

“எந்த ஊர் வாத்தியம்?”

“எந்த ஊரும் இல்லங்கய்யா. நான் எழுதுன கதையில வரும். ஏழு ஏரி நாட்டுல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அங்க இத எதுக்கு வச்சிருப்பாங்க?”

சொன்னேன். மாவுக்காரனைச் சொன்னேன், திரிகையைச் சொன்னேன், சட்டத்தைச் சொன்னேன். வக்கீல்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு நிலவு இருக்கிற ஒரு நாட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை நீதிபதி இடைமறிக்கவில்லை.

என் கணவர் தரப்பின் வாதம் எளிமையானது. கணவர் தன்பாட்டுக்கு மிஷினில் வேலை செய்துகொண்டிருந்தார், கதையைப் பற்றிக் கேட்டதற்கு நான் ஆத்திரப்பட்டு அடித்துவிட்டேன். நேரில் பார்த்த சாட்சி என்று பக்கத்து வீட்டக்காவை அழைத்தார்கள். நான் அவரை அடித்துக்கொண்டிருந்ததைத்தானே அக்கா பார்த்தார். அதைச் சொன்னால் போதும், எனக்குத் தண்டனைதான். வக்கீல் கேட்டார்.

“நீங்க போனப்ப இந்தம்மா அடிச்சுக்கிட்டு இருந்தாங்களா?”

“இருந்துச்சு.”

“அவர் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாரா, மிஷின் ஓடுச்சா?”

“மிஷினு ஓடுச்சு. வேலை செய்யல.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்? நீங்க உங்க வீட்டுல இல்ல இருந்தீங்க?”

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“கட்டை சீவுனா ஒரு சத்தம் வருமுல்ல சார். கரகரன்னு. வெறும் மோட்டாரு ஓடுனா அந்தச் சத்தம் வராது. ஏழு வருசமா பக்கத்துச் சுவருல இருக்கேன். எது வேலை, எது வெறும் மிஷினுன்னு எனக்குத் தெரியும். அவரு வெறும் மிஷினை ஓட்டுன மறுநாளு இந்தப் பிள்ளை மொகம் வீங்கியிருக்கும். அன்னைக்கும் வெறும் மிஷினுதான்.”

அந்தச் சாட்சியால்தான் நான் விடுதலையானேன். உயிருக்குப் பயந்து தற்காத்துக்கொள்ள அடித்தது என்று தீர்ப்பில் இருந்தது. ஆனால் அக்கா அதைச் சொன்ன நிமிடத்தில் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏழு வருடம் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறது.

வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஒங்களுக்குத் தெரியுமாக்கா? மொதல்ல இருந்தே?”

“தெரியும்.”

“பொறவு ஏன் ஒரு நாள்கூட வரல?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே நின்ற சைக்கிள்களைப் பார்த்தார்.

“ஒங்க வீட்ல மிஷினு. எங்க வீட்ல அவரு டிவி சத்தத்தைக் கூட்டுவாரு” என்றார். “ஒனக்குக் கேக்கலையா?”

எனக்குக் கேட்டிருக்கிறது. பழைய படப் பாட்டு அலறும். அவர்கள் வீட்டில் அந்த மாமாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். நான் அவர் கையை விட்டுவிட்டேன். அவர் ராஜபாளையம் பஸ் ஏறப் போனார். நான் கடைக்குப் போனேன். ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இப்போது பேசுகிறோம். அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். வாருங்கள் என்று நான் கூப்பிட்டால், பார்க்கலாம் என்கிறார்.

என் கணவர்மீதான வழக்கை நான் நடத்தவில்லை. இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். கோழைத்தனம் என்று என் கதையைப் படிக்கிற ஒரு பெண் எழுதினார். இன்னும் இரண்டு வருடம் அந்த வராந்தாவில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. குழலை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது அவர், “அது நான் கடஞ்சது” என்றார். ரத்தக்கறை பட்டது என்று சொல்லி, அழிக்கும் பொருள்களோடு சேர்த்துவிட்டார்கள்.

கதையை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எழுதிய அத்தியாயத்தில் ஒருத்தி கூவிளியை ஊதுவாள், இரண்டு ஆண்கள் படகில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். படிக்கிறவர்களுக்குக் கோபம். ‘அப்படி நிற்கக் கூடாது என்று நீங்கள்தானே சட்டம் போட்டீர்கள்?’ என்று கேட்டார்கள். சட்டம் இருந்தும் நின்றார்கள் என்று பதில் எழுதினேன்.

போன வருடம், என் முன்னாள் கணவருக்கு செட்டியார்பட்டியில் பெண் பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் கடையில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பெண்ணின் அம்மா தண்ணீர் கொடுத்தார். நான் யாரென்று சொன்னதும் செம்பை வாங்கிக்கொண்டார்.

“நல்லது நடக்குற வீட்டுல வந்து என்னம்மா பேசுத? போயிரு.”

நான் எழுந்து நின்றேன். என் சுண்டுவிரல் இன்றும் நேராக நிமிராது. அதைக் காட்டினேன். வாயைத் திறந்து அண்ணத்தில் இருக்கிற தழும்பைக் காட்டினேன். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரி அவர் குனிந்து பார்த்தார். உள்ளறையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். முதல் கல்யாணத்தில் கணவனை இழந்தவள்.

“அவிய பல்லு விபத்துல போச்சுன்னாகளே” என்றாள்.

“நான்தான் ஒடச்சேன்.”

அவள் குனிந்து என் சுண்டுவிரலைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “எனக்கு வேண்டாம்” என்றாள். அம்மா அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவள் அசையாமல் நின்று, அதே குரலில், “எனக்கு வேண்டாம்” என்று இன்னொரு தடவை சொன்னாள்.

அடுத்த வாரம் என் முன்னாள் கணவர் கடைக்கு வந்தார். மத்தியானம், நல்ல கூட்டம். ஆண்டாள் கோயிலுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கல்லாவரை வந்தார். புதுப் பல் கட்டியிருந்தார், மற்றப் பற்களைவிட வெளுப்பாக இருந்தது.

“என் வாழ்க்கையக் கெடுக்கணும்னே அங்க போனியாட்டி?”

“ஆமா” என்றேன்.

கை ஓங்கினார். நான் எடைத்தட்டை விட்டு நகரவில்லை. வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா, அவரைத் தெரியாது, என்னையும் தெரியாது, “ஏலே, யாருமேல கைய ஓங்குத?” என்று சத்தமாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். முதலாளி எழுந்தார். ஓங்கிய கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு இறங்கியது. காறித் துப்பிவிட்டுப் போனார். துப்பினது பால்கோவா தட்டில் விழுந்தது.

தட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் கொட்டிக் கழுவினேன். இரண்டு தடவை தட்டு நழுவியது. திரும்பி வந்தபோது அந்த வயதான அம்மா வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். அரைக் கிலோ கேட்டார், நான்கு கால் கிலோ பொட்டலமாக வேண்டுமா, இரண்டா என்று குழம்பி நான் கேட்டேன். “அரைக் கிலோவுக்கு எப்படிம்மா நாலு கால் வரும்?” என்றார் அவர். இரண்டாகக் கட்டிக் கொடுத்தேன்.